பெட்டியில் பத்தாயிரம் லூமன், கையில் எவ்வளவு?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கடையில் போய் "சட்டைப்பையில வைக்கிற மாதிரி சின்ன டோர்ச் ஒன்று வேணும்" என்று கேட்டால், கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து நாலைந்து சாமான் வெளியே வரும். ஒன்றின் பெட்டியில் 10,000 லூமன் என்று இருக்கும். இன்னொன்றில் 9900 எம்ஏஎச். மூன்றாவதில் ஒரு கிலோமீற்றர் தூரத்து மலையில் ஒளி போய் அடிக்கிற படம். "இதுதான் நல்ல பவர் அண்ணை" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பட்டப்பகலில் சுவரில் அடித்துக் காட்டுவார். வட்டம் பளிச்சென்று விழும். காசைக் கொடுத்துவிட்டு வருவோம்.

அந்த டோர்ச் இரவு ஒரு மணிக்கு மடை திறக்க வயலுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சுவரில் விழுந்த வட்டம் சொல்லாது. எவ்வளவு ஒளி வருகிறது, அது எங்கே போய் விழுகிறது, எத்தனை நேரம் அப்படியே நிற்கிறது ஆகிய மூன்றும் வேறு வேறு விஷயங்கள். ‘நல்ல பவர்’ என்று சொல்லும்போது மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். நாலாவதாக, கை இருட்டில் அந்தச் சாமானோடு எப்படிப் பழகுகிறது என்பது. அதைப் பற்றிக் கடையில் யாருமே பேசுவதில்லை. என் கணக்கில் அதுதான் பாதி மார்க்.

இங்கே பேசப்போவது உள்ளங்கைக்குள் அடங்குகிற, சாரத்து மடிப்பிலும் செருகக்கூடிய சின்ன டோர்ச் பற்றி மட்டும். காவல் கொட்டிலில் இருந்து யானை பார்க்கிற பெரிய லைற் வேறு சாதி.

மொத்த ஒளியும் குவிந்த ஒளியும்

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் வழியாக நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் தண்ணீர் வருகிறது. ஹோஸின் வாயை விரலால் நெருக்கிப் பிடித்தால் அதே தண்ணீர் வேலி தாண்டிப் பாயும். விரலை எடுத்தால் காலடியில் பரவி விழும். மோட்டர் ஒன்றுதான், லீற்றரும் ஒன்றுதான். மாறியது குவிப்பு.

ஒரு விளக்கிலிருந்து எல்லாப் பக்கமுமாக வெளிவருகிற மொத்த ஒளியின் அளவுதான் லூமன். ஹோஸில் வருகிற மொத்தத் தண்ணீரைப் போல. ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதற்கான அளவு கண்டெலா. விரல் நெருக்கிய வாய் அது. டோர்ச்சில் விரலின் வேலையைச் செய்வது, விளக்கைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி இருக்கும் பளபளப்பான பிரதிபலிப்பான், அல்லது முன்னால் பொருத்திய வில்லை. கிண்ணம் அகலமாகவும் ஆழமாகவும் இருந்து, உள்ளே இருக்கும் எல்ஈடி சின்னதாக இருந்தால் ஒளி இறுக்கமாகக் குவியும். அதனால்தான் தூரம் அடிக்கிற டோர்ச்களுக்குத் தலை பெரிதாக இருக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்குகிற தலையில் அந்தக் குவிப்புக்கு இடம் இல்லை.

ஒரு மெழுகுதிரி ஏறக்குறைய 12 லூமன் தரும். கைத்தொலைபேசியில் இருக்கும் லைற் பொதுவாக 50 லூமன் அளவில் நிற்கும். வீட்டு மண்டபத்தில் போடுகிற 9 வாற் எல்ஈடி குமிழ் 800, 900 லூமன் வரை தரும். இனி அந்தப் பெட்டிக்குத் திரும்பி வாருங்கள். 10,000 லூமன் என்றால் அப்படிப்பட்ட பதினொரு குமிழை ஒரே நேரத்தில் ஒரு சுருட்டுத் தடிப்பான குழாய்க்குள் எரிப்பது. எல்ஈடி டோர்ச் ஒன்று ஒரு வாற் மின்சாரத்தில் ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வையுங்கள். அப்படியானால் 100 வாற் வேண்டும். அதன் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டில் டோர்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஒரேயொரு பற்றரியில் 100 வாற்றை இழுத்தால் ஆறேழு நிமிடத்தில் பற்றரியும் முடிந்துவிடும். பெட்டியில் அச்சடித்தவருக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு பெரிய பற்றரி போட்ட நீளமான தகர டோர்ச். இழைக் குமிழ் போட்ட அந்த டோர்ச் தந்தது பத்து, இருபது லூமன் அளவுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் குளக்கட்டால் நடந்தார்கள், மாடு தேடினார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஒளி போதும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடம் அல்ல.

தூரம் என்று போட்டிருக்கும் எண்

பெட்டியில் ‘200 மீற்றர்’ என்று இருந்தால், 200 மீற்றரில் நிற்பது மாடா மனிதனா என்று தெரியும் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த எண் சொல்வது அதை அல்ல.

டோர்ச் செய்கிறவர்கள் பொதுவாகப் பின்பற்றுகிற ஒரு அளவீட்டு முறை 2009 இல் அமெரிக்காவில் வந்தது. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதன்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறைகிற இடம்தான் அந்த டோர்ச்சின் தூரம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் எத்தனை லூமன் வந்து விழுகிறதோ அதுதான் லக்ஸ். 0.25 லக்ஸ் என்பது முழுநிலா காய்கிற இரவில் தரையில் இருக்கும் வெளிச்சம். ஆக, 200 மீற்றரில் அந்த டோர்ச் தருவது நிலா வெளிச்சம் மட்டும்தான். அங்கே ஏதோ கறுப்பாக நிற்கிறது என்று தெரியலாம். பற்றையா யானையா என்பது வேறு கேள்வி.

தூரம் இரட்டிப்பானால் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். திருப்பிச் சொன்னால், பாதித் தூரமான 100 மீற்றரில் 1 லக்ஸ், கால் தூரமான 50 மீற்றரில் 4 லக்ஸ் கிடைக்கும். நான் வைத்திருக்கிற எளிய கணக்கு, பெட்டியில் போட்ட தூரத்தை நாலால் பிரித்துவிடுவது. வருகிற எண் வரைக்கும்தான் பொருளை இன்னதென்று அடையாளம் காணலாம்.

இதே காரணத்தால், இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் கண்டெலா நாலு மடங்காக வேண்டும். 2,500 கண்டெலா 100 மீற்றர் போகும், 10,000 கண்டெலா 200 மீற்றர் போகும். ஒரு கிலோமீற்றருக்கு 2,50,000 கண்டெலா. இரண்டு விரல் அகலத் தலையுள்ள சாதாரண எல்ஈடி டோர்ச்சிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது சின்னதுதான். லூமன் மொத்தம், கண்டெலா குவிப்பு, லக்ஸ் போய் விழுகிற இடத்தில் கிடைப்பது. சின்ன டோர்ச்சுக்கு லூமன் அதிகமாகக் கிடைக்கலாம், குவிப்புக் கிடைப்பது கஷ்டம்.

வரம்பில் நடக்கிறவருக்கு எந்த ஒளி?

குவிப்புக் குறைவென்றால் குறைபாடு என்று நினைக்க வேண்டாம். எந்த டோர்ச்சின் ஒளியிலும் இரண்டு பகுதி இருக்கும். நடுவில் பிரகாசமான பொட்டு. அதைச் சுற்றி மங்கலாகப் பரவுகிற வட்டம். தூரம் பார்ப்பதற்குப் பொட்டு வேண்டும். நடப்பதற்குப் பரவல் வேண்டும்.

ஒரு முழ அகல வரம்பில் நடந்து பாருங்கள். இறுக்கமான பொட்டு அடிக்கிற டோர்ச் என்றால், முன்னால் ஒரு பளிச்சென்ற தட்டு மட்டும் தெரியும். வரம்பின் இரண்டு ஓரமும், இடது காலுக்குப் பக்கத்தில் சுருண்டிருப்பதும் இருட்டில் போய்விடும். பொட்டின் பிரகாசத்துக்குக் கண் பழகிவிட்டதால் சுற்றியுள்ள இருட்டு இன்னும் கறுப்பாகிவிடும். புடையன் வயலில் இரவில் திரிகிற பாம்பு. அது பத்து அடி முன்னால் நேராக வந்து நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. காலடியில் இருந்து நாலைந்து மீற்றர் வரை ஒரே சீராகப் பரவுகிற ஒளிதான் இந்த வேலைக்கு. கிண்ணத்தின் உட்பக்கம் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தாலோ, கிண்ணத்துக்குப் பதிலாகத் தடித்த பிளாஸ்ரிக் வில்லை இருந்தாலோ ஒளி மிருதுவாகப் பரவும். கிண்ணம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் பொட்டு இறுகும்.

தலையை முன்னும் பின்னும் இழுத்து ‘சூம்’ பண்ணுகிற டோர்ச்கள் இரண்டு வேலையையும் செய்யும் என்று விற்கிறார்கள். ஓரளவுக்குச் செய்யும். முழுதாகக் குவித்தால் சுவரில் சதுரமாக ஒரு கட்டம் விழும். அது எல்ஈடியின் உருவமேதான். சுற்றிப் பரவல் அறவே இருக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, இழுபடுகிற தலை ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு கிரவல் றோட்டுப் புழுதியும் போகும். ஒரு கோடை கழிந்த சூம் டோர்ச்சின் வில்லைக்குப் பின்பக்கத்தைப் பார்த்தால் செம்மண் படிந்திருக்கும். உள்ளே இருப்பதால் துடைக்கவும் முடியாது.

நிறம் அடுத்தது. வெள்ளை எல்ஈடி உண்மையில் நீல எல்ஈடிதான். மேலே பூசிய மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. பூச்சு மெல்லியதாக இருக்கும் மலிவு எல்ஈடியில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்புக் குறைவாக இருக்கும். சருகின் மண்ணிறமும் புடையனின் முதுகில் இருக்கும் மண்ணிறப் புள்ளிகளும் அந்த ஒளியில் ஒரே சாம்பலாகத் தெரியும். ஒரு ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதற்கு 100 க்கு மார்க் போடுகிற அளவு சிஆர்ஐ. சூரிய ஒளி 100. மலிவு எல்ஈடிகள் 70 அளவில் நிற்கும். 90 க்கு மேலே உள்ள டோர்ச்சில் லூமன் எண் கொஞ்சம் குறையும். ஆனால் காலில் பட்டது சேறா இரத்தமா என்று பார்த்தவுடன் தெரியும். அந்த இடத்தில் நான் லூமனை விட்டுக்கொடுப்பேன்.

ஆகக் குறைந்த வெளிச்சம்

ஒரு டோர்ச்சை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதன் ஆகக் குறைந்த வெளிச்சத்தை. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். பழகிய கண்ணுக்கு ஒரு லூமன்கூட அறைக்குள் நடக்கப் போதும். பழகிய கண்ணில் 500 லூமன் பாய்ந்தால், அந்த அரை மணிநேர வேலை ஒரு நொடியில் போய்விடும். டோர்ச்சை அணைத்த பிறகு எதுவும் தெரியாமல் வாசலில் தடுமாறி நிற்போம். பிள்ளைக்குப் பால் கரைக்க எழும்புகிறவர், கிணற்றடிக்குப் போகிறவர், சுகமில்லாத ஆளின் பக்கத்தில் விழித்திருக்கிறவர், இவர்கள் எல்லாருக்கும் வேண்டியது அரை லூமன், ஒரு லூமன், ஐந்து லூமன். நல்ல டோர்ச்களில் ‘நிலா வெளிச்சம்’ என்ற பெயரில் ஒரு லூமனுக்கும் குறைந்த ஒரு நிலை இருக்கும். மலிவு டோர்ச்சில் ‘லோ’ என்பதே 100 லூமனுக்கு மேலே போய்விடும்.

மேல்பக்கத்திலும் கண் ஒரு விளையாட்டுக் காட்டும். லூமன் இரண்டு மடங்கானால் வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரியாது. 400 ஐயும் 500 ஐயும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினால் பெரும்பாலானவர்களுக்கு எது எது என்றே சொல்ல வராது. பிரகாசம் இரட்டிப்பானது மாதிரித் தோன்ற லூமன் ஏறக்குறைய நாலு மடங்காக வேண்டும். ஆகவே 1,000 லூமன் டோர்ச்சுக்கும் 1,200 லூமன் டோர்ச்சுக்கும் இடையில் விலை வித்தியாசம் கேட்டால் யோசிக்காமல் குறைந்ததை எடுக்கலாம்.

நிலைகள் எத்தனை என்பதைவிட அவை வருகிற ஒழுங்குதான் முக்கியம். முதல் அழுத்தில் குறைந்த வெளிச்சம் வந்து, அடுத்தடுத்த அழுத்தில் கூடினால் கண்ணும் தப்பும், எதிரே வருகிற ஆளின் கண்ணும் தப்பும். மாறி, முதலில் உச்ச வெளிச்சம், பிறகு நடுத்தரம், பிறகு குறைவு, பிறகு படபடவென்று வெட்டி வெட்டி எரிகிற நிலை, பிறகு ஆபத்துக்கு உதவி கேட்கிற எஸ்ஓஎஸ் என்று ஐந்து அழுத்து வைத்திருக்கும் டோர்ச்களும் உண்டு. சும்மா அணைப்பதற்கு நடுச்சாமத்தில் வெட்டுகிற ஒளியைத் தாண்டிப் போக வேண்டும். அந்த வெட்டுகிற நிலையை வடிவமைத்தவர் ஒரு நாளாவது தூங்குகிற வீட்டுக்குள் அதைப் பாவித்துப் பார்த்திருந்தால் வைத்திருக்கமாட்டார்.

எத்தனை நேரம் நிற்கும்?

இப்போது பற்றரி. எம்ஏஎச் என்பது பற்றரி எத்தனை மணிநேரத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற அளவு. அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் வோல்ற் அளவும் சேர வேண்டும். 1,000 எம்ஏஎச் ஒரு அம்பியர்-மணி. அதை வோல்ற்றால் பெருக்கினால் வாற்-மணி வரும். பற்றரிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி அதுதான்.

சின்ன டோர்ச்களில் அதிகம் வருகிற லித்தியம் பற்றரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், பெயரே அளவைச் சொல்லிவிடுகிறது. அதன் வோல்ற் 3.6. தரமானது 3,000 முதல் 3,500 எம்ஏஎச் வரை இருக்கும். இந்த உடம்புக்குள் 9900 எம்ஏஎச் என்பது உலகத்தில் யாரும் செய்து விற்காத பற்றரி. அந்த எண் அச்சடித்த பற்றரிகளில் உண்மையில் இருப்பது, நல்ல பற்றரியில் இருப்பதைவிடவும் குறைவு. எடையிலேயே தெரியும். நல்ல 18650 ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள்.

3,000 எம்ஏஎச், 3.6 வோல்ற் என்றால் ஏறக்குறைய 11 வாற்-மணி. வாற்றுக்கு 100 லூமன், இடையில் கொஞ்சம் வீணாகும் என்று வைத்தால், 1,000 லூமனில் ஒரு மணிநேரம், 500 லூமனில் இரண்டு மணிநேரம், 100 லூமனில் பத்து மணிநேரம். இந்த எல்லையை எந்தக் கம்பனியும் பெரிதாகத் தாண்ட முடியாது. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் 50, 100 லூமனில் எரிகிற டோர்ச் வைத்திருந்தவர் சமாளித்தார். உச்ச வெளிச்சத்தில் வைத்திருந்தவர் முதல் மணிநேரத்திலேயே மெழுகுதிரி தேடினார்.

ஆனால் பெட்டியில் ‘1,000 லூமன், 3 மணிநேரம்’ என்று இருக்கிறதே? பொய் இல்லை. அந்த அளவீட்டு முறை அப்படி. டோர்ச்சைப் போட்டு முப்பது நொடி கழித்து லூமனை அளக்கிறார்கள். வெளிச்சம் அந்த அளவின் பத்தில் ஒன்றாகக் குறைகிற வரைக்குமான நேரத்தை ‘எரியும் நேரம்’ என்று போடுகிறார்கள். ஆக, இரண்டு நிமிடம் 1,000 லூமன் எரிந்துவிட்டு, 350 க்கு இறங்கி, மிச்ச நேரமெல்லாம் அங்கேயே நின்று கடைசியில் 100 க்கு வந்தாலும் மூன்று மணிநேரம்தான்.

ஏன் இறங்குகிறது? சூடு. பழைய இழைக் குமிழ் தன் சூட்டைக் கதிராக முன்பக்கம் அனுப்பிவிடும். எல்ஈடியின் சூடு பின்பக்கமாக டோர்ச்சின் உலோக உடம்புக்குள் இறங்கும். சின்ன உடம்பில் சூட்டைக் காற்றுக்கு விடப் பரப்பு இல்லை. அதனால் உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது பற்றரியிலிருந்து எல்ஈடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னச் சுற்று, சூடு கூடினால் வெளிச்சத்தைக் குறைக்கும். சித்திரை வெக்கையில் இன்னும் வேகமாகக் குறைக்கும். இது பழுது அல்ல, கைக்கும் பற்றரிக்கும் பாதுகாப்பு. பயப்பட வேண்டியது, எத்தனை நிமிடம் எரிந்தாலும் குறையாமல் சூடேறிக்கொண்டே போகிற டோர்ச்சைப் பார்த்துத்தான். கனம் குறைந்த பிளாஸ்ரிக் உடம்பில் ‘ஆயிரம் லூமன்’ என்று கண்டால், ஒன்றில் லூமன் பொய், இல்லாவிட்டால் எல்ஈடி கெதியில் கருகும்.

டிரைவர் நல்லதென்றால் பற்றரி இறங்க இறங்க வெளிச்சம் ஒரே மட்டத்தில் நிற்கும், முடிகிற நேரம் படியிறங்கும். மலிவானதில் முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு போகும். கண் பழகிக்கொள்வதால் நாம் கவனிப்பதில்லை.

சரி, லித்தியமா, சாதாரண ‘பேனை’ பற்றரியா? முல்லைத்தீவுப் பக்கம் உள்ளூரில் இருக்கிறவருக்கு இது உண்மையான கேள்வி. பேனை பற்றரி எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும். சக்தி குறைவு. சார்ஜ் செய்யக்கூடிய பேனை பற்றரி ஒன்றில் ஏறக்குறைய இரண்டரை வாற்-மணிதான், 50 லூமனில் நாலு மணிநேரம். லித்தியத்துக்கு சார்ஜ் வேண்டும், ஆனால் போன் சார்ஜரும் ஒரு சின்ன சோலார் தகடும் இருந்தால் அது பிரச்சினையே இல்லை. ஒரு எச்சரிக்கை: 14500 என்ற லித்தியம் பற்றரி பேனை பற்றரியின் அதே அளவில் இருக்கும், உள்ளே சரியாகப் போகும். ஆனால் முழு சார்ஜில் அது 4.2 வோல்ற், பேனை பற்றரி 1.5. இரண்டையும் ஏற்கும் என்று எழுதாத டோர்ச்சில் போட்டால் டிரைவர் எரிந்துவிடலாம்.

பற்றரி பற்றி இவ்வளவும் போதும். லூமனும் நேரமும் ஒரே பானையிலிருந்து எடுப்பவை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும், உச்ச எண் சில நிமிடத்துக்கு மட்டும்.

கைக்கும் டோர்ச்சுக்கும் உள்ள உறவு

ஒரு கையில் மண்வெட்டி. விரலெல்லாம் சேறு. மற்றக் கையால் மடிப்புக்குள் இருந்து டோர்ச்சை எடுத்து, பார்க்காமலே போட வேண்டும். வடிவமைப்பை இந்த இடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

சுவிச் இரண்டு இடத்தில் வரும். வாலில் இருந்தால் பெருவிரல் தானாகவே போய் நிற்கும், எப்படிப் பிடித்தாலும் தேட வேண்டியதில்லை. பக்கவாட்டில் இருந்தால் டோர்ச்சை உருட்டி உருட்டித் தேட வேண்டும். சுற்றியுள்ள உலோகத்தைவிடச் சுவிச் கொஞ்சம் உயர்ந்தோ குழிந்தோ இருந்தால் சேற்று விரலுக்கும் தட்டுப்படும். மட்டமாக இருந்தால் தடவிக்கொண்டு நிற்பீர்கள். வால் சுவிச்சில் ஒரு நல்ல வகை உண்டு. பாதி அழுத்தினால் எரியும், விட்டால் அணையும், முழுதாக அழுத்தினால்தான் நிலைக்கும். படலையில் நிற்பது யார் என்று ஒரு நொடி பார்க்க இதைப் போல வசதி வேறில்லை.

பக்கச் சுவிச் பெரும்பாலும் இலத்திரனியல் சுவிச். அது எப்போது அழுத்துவார்கள் என்று காத்திருக்கச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல வடிவமைப்பில் அது பொருட்டில்லாத அளவு. மோசமானதில் அலுமாரிக்குள் வைத்த டோர்ச் சில மாதத்தில் செத்துக் கிடக்கும். இதே சுவிச் சட்டைப்பைக்குள் தானாக அமுங்கினால் உச்ச வெளிச்சத்தில் எரிந்து துணியைச் சுடும். அதற்காகத்தான் பூட்டு. பல டோர்ச்களில் வால்மூடியைக் கால் சுற்றுக் கழற்றினாலே மின்சுற்று அறுந்துவிடும். கடையிலேயே கழற்றி அழுத்திப் பாருங்கள்.

இரண்டு கையும் தேவைப்படும்போது, மோட்டார் சைக்கிளின் செயின் கழன்ற நேரம் மாதிரி, எல்லாரும் செய்வது டோர்ச்சைப் பல்லில் கடிப்பதுதான். பெருவிரல் தடிப்புள்ள உடம்பென்றால் கடிக்கலாம். வாளி மாதிரித் தலையென்றால் தாடை வலிக்கும். தொப்பியில் செருகும் கிளிப் இருந்தால் அந்தப் பாடு இல்லை. கிளிப் இன்னொரு உபகாரமும் செய்யும். சுத்தமான உருளை வடிவ டோர்ச்சை வாய்க்கால் கட்டில் வைத்தால் உருண்டு தண்ணீருக்குள் போகும். கிளிப்போ தலையில் நாலு தட்டை முகமோ இருந்தால் வைத்த இடத்தில் கிடக்கும்.

வால் தட்டையாக இருக்கிற டோர்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்து, கூரையில் பட்டுத் திரும்புகிற ஒளியில் சாப்பிடலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். வெள்ளைச் சீலிங் உள்ள வீட்டுக்கு அது சரி. கிடுகுக் கூரையும் பழைய ஓடும் ஒளியைக் குடித்துவிடும், மேசைக்கு ஒன்றும் திரும்பி வராது. கிடுகு வீட்டில் டோர்ச்சின் வாயில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்துவிடுங்கள். அதுவே விளக்காகிவிடும்.

மழை

ஐப்பசி, கார்த்திகை வன்னியில் டோர்ச் நனையாமல் இருக்காது. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைப் பெட்டியில் ஐபி என்று தொடங்குகிற ஒரு குறி சொல்லும். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணிநேரம் தாங்கும், வாய்க்காலில் விழுந்தாலும் எடுத்துத் துடைக்கலாம். எக்ஸ் உள்ள இடத்தில் 6 இருந்தால், அதாவது ஐபி67 என்று இருந்தால், புழுதியும் உள்ளே போகாது. புழுதிக் காலம் நீளமான இந்தப் பக்கத்துக்கு அந்த 6 முக்கியம்.

தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது வால்மூடி மரையடியில் இருக்கும் ஒரு மெல்லிய றப்பர் வளையம். அது காய்ந்து வெடித்தால் எந்த எண்ணும் உதவாது. சிலிக்கன் கிறீஸ் ஒரு துளி போதும். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற கிறீஸ் சிலவகை றப்பரை ஊதவைக்கும், ஆகவே அது வேண்டாம். சார்ஜ் ஓட்டையை மூடுகிற றப்பர் மூடிதான் முதலில் பிய்கிற இடம். கடையில் அதை நாலைந்து தரம் திறந்து மூடிப் பாருங்கள், தளர்ந்து தொங்கினால் எடுக்க வேண்டாம்.

பற்றரி கசிந்த டோர்ச்

பேனை பற்றரி போட்ட டோர்ச்சை மாதக்கணக்கில் பாவிக்காமல் வைத்தால் பற்றரி கசியும். திறந்தால் வெள்ளைப் பூ பூத்தமாதிரி இருக்கும். அல்கலைன் பற்றரியிலிருந்து வருவது காரத்தன்மையுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. தோலில் படக்கூடாது, கண்ணில் படவே கூடாது. கையுறை, இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு பற்றரியை எடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியைத் தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ தோய்த்துத் துடைத்தால் நுரைத்துக் கழன்றுவரும். பிறகு ஈரத்துணியால் ஒரு துடை, ஒரு நாள் திறந்து வைத்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிங் பச்சை படிந்திருந்தால் மண்கடதாசியால் மெல்லத் தேய்த்து உலோகம் மினுங்கும்வரை கொண்டுவாருங்கள். பற்றரியே வெளியே வராமல் இறுகிப் போயிருந்தால் அடித்து எடுக்கப் பார்க்க வேண்டாம், உடம்போடு போய்விட்டது என்று விட்டுவிடலாம். அடுத்த முறை, அலுமாரியில் வைக்கும் டோர்ச்சிலிருந்து பற்றரியைக் கழற்றி ஒரு றப்பர் பட்டியால் அதன் உடம்பிலேயே கட்டி வைத்தால் தேடவும் வேண்டியதில்லை.